அளவெட்டிக் குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

வியாழன், 19 ஜூன் 2025

ரஞ்சி 19:42
[பலமுறை பகிரப்பட்டது] அவசரம்!! நாளை பாராளுமன்றத்தில் சட்டம் வருகிறது. இனி ஆஸ்பத்திரியில் 70 வயதுக்கு மேற்பட்டவர்களை ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழ் மக்கள் எல்லோருக்கும் பகிரவும் 🙏

ரஞ்சி 19:43
அக்கா, நேற்று அந்த டாக்டர் பிள்ளை கொண்டுவந்த தாள் இதுதான். எனக்கு அப்போதே நெஞ்சு திக் என்றது

சுகந்தி 19:44
எந்தத் தாள்?

ரஞ்சி 19:44
நீங்கள் தேத்தண்ணி வாங்கப் போனபோது கொண்டுவந்தது. நான்தான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்

தவம் 19:46
என்ன தாள்? எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

தவம் 19:46
அம்மாவின் விஷயத்தை ஃபார்வேர்டில்தான் அறிய வேண்டியிருக்கிறது

ஜெயம் 19:47
கோவென்ட்ரிக்குத் தந்தி அடித்தோம், வரவில்லையா

விமலா 19:48
ஜெயம் அண்ணா இப்போது பகிடி வேண்டாம்

அபி 19:51
சித்தி, அதன் மேலே என்ன எழுதியிருந்தது? டி.என்.ஏ.சி.பி.ஆர். என்றா?

ரஞ்சி 19:52
ஓம் அப்படித்தான் ஏதோ நீளமாக

அபி 19:52
ஐயோ சித்தி. அது இதயம் நின்றால் என்ன செய்வது என்ற தாள். இது வேறு

குமரன் 19:58
எல்லோரும் ஒரு நிமிடம். இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறீர்கள். நாளை பிரித்தானியப் பாராளுமன்றத்தில் வருவது, குணமாகாத நோயாளி தானே கேட்டால் சாக உதவ அனுமதிக்கும் சட்டமூலம், கிம் லெட்பீட்டர் கொண்டுவந்தது. அது அரசாங்கத்தின் சட்டமூலம் அல்ல, தனி எம்.பி. ஒருவருடையது. அதனால்தான் வெள்ளிக்கிழமைகளில் எடுக்கிறார்கள். கட்சிக் கொறடா யாருக்கும் உத்தரவு போட ஏலாது, அவரவர் மனச்சாட்சிப்படி வாக்கு. போன நவம்பர் 29ஆம் தேதி இரண்டாம் வாசிப்பில் 330க்கு 275. அதற்குப் பிறகு 23 எம்.பி.க்கள் கொண்ட குழு 29 அமர்வு உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தது. நாளை மூன்றாம் வாசிப்பு. நிறைவேறினாலும் உடனே சட்டம் ஆகாது, பிரபுக்கள் சபைக்குப் போகவேண்டும். அங்கேயும் தப்பினால், நடைமுறைக்கு வர 4 வருடம் வரை பிடிக்கலாம் என்று மூலத்திலேயே இருக்கிறது. ஆகவே நாளைக்கு அம்மம்மாவுக்கு ஒருவரும் ஒன்றும் செய்யப் போவதில்லை.

ஜெயம் 19:59
சபாநாயகர் எழுந்துவிட்டார்

குமரன் 20:03
இன்னும் முடியவில்லை. யாருக்கு இது பொருந்தும் என்றால்: 18 வயதுக்கு மேல், இங்கிலாந்திலோ வேல்ஸிலோ வசிப்பவர், ஆறு மாதத்துக்குள் இறப்பு எதிர்பார்க்கப்படும் நோயாளி, தானாக முடிவெடுக்கும் தெளிவு உள்ளவர். அவரே கேட்கவேண்டும். மகனோ மகளோ கேட்க ஏலாது. பவர் ஒஃப் அட்டர்னி வைத்திருந்தாலும் ஏலாது. இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். பிறகு ஒரு குழு பார்க்கவேண்டும். கடைசியில் மருந்தையும் அவரே எடுக்கவேண்டும், டாக்டர் ஊசி போட்டு விடுவது என்பதே இல்லை. ஃபார்வேர்டில் வந்த 70 வயது எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

விமலா 20:04
மச்சாள், அம்மாவின் தோடு உங்களிடமா இருக்கிறது? அட்மிட் பண்ணும்போது கழற்றினார்களே

ரஞ்சி 20:04
என்னிடம் இல்லை. அக்காவிடம்

சுகந்தி 20:05
என்னிடம் சங்கிலி மட்டும்தான்

விமலா 20:05
அப்போ தோடு?

தவம் 20:06
தோட்டை விடுங்கோ. குமரன், முதலில் நீதிபதி பார்ப்பார் என்றுதானே சொன்னார்கள்? இப்போது குழு என்கிறீர்

குமரன் 20:09
நல்ல கேள்வி மாமா. முதலில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒப்புதல் தரவேண்டும் என்று இருந்தது. குழுநிலையில் அதை எடுத்துவிட்டு மூன்று பேர் வைத்தார்கள்: ஒரு சட்ட வல்லுநர், ஒரு மனநல மருத்துவர், ஒரு சமூகப் பணியாளர். நோயாளியின் மனநிலையும் வீட்டு நிலைமையும் தெரிந்தவர்கள் பார்ப்பது நல்லது என்று ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். நீதிபதியைக் காட்டித்தானே நவம்பரில் வாக்கு வாங்கினீர்கள் என்று எதிர்ப்பவர்கள் கேட்கிறார்கள்.

தவம் 20:10
அதுதான் நானும் கேட்கிறேன்

அபி 20:11
மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரியே மே மாதம் இந்த வடிவில் ஆதரிக்க ஏலாது என்று சொல்லிவிட்டது. அத்தனை குழுவுக்குப் போய் உட்கார அவர்களிடம் ஆள் இல்லை. என் வார்டிலேயே ஒருவரைக் கூப்பிட்டால் எப்போது வருவார் என்று தெரியாது

தவம் 20:13
பாருங்கோ. நர்ஸ் பிள்ளையே சொல்லுகிறாள். எல்லோரும் இன்றிரவே உங்கள் எம்.பி.க்கு மின்னஞ்சல் அனுப்புங்கோ. வேண்டாம் என்று வாக்குப் போடச் சொல்லி. நான் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், பெயரை மட்டும் மாற்றினால் போதும்

அபி 20:13
நான் எதிர் என்று சொல்லவில்லை மாமா

தவம் 20:14
எங்கள் வயதானவர்களை உமக்குத் தெரியாதா? பிள்ளைகளுக்குச் சுமை, பிள்ளைகளுக்குச் சுமை என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதை ஒரு டாக்டர் எழுதிக்கொண்டால் விண்ணப்பம் ஆகிவிடும்

ஜெயம் 20:14
என்னைப் பெற்ற அம்மா 1995இல் இருந்து நாளைக்குச் சாகிறேன் என்கிறார். 91 ஆகிவிட்டது

சுகந்தி 20:16
தம்பி, நான் கையெழுத்துப் போடமாட்டேன்

தவம் 20:16
ஏன்?

சுகந்தி 20:17
ஐயாவின் கடைசி ஒன்பது நாளும் பக்கத்தில் இருந்தது நான்

தவம் 20:18
தெரியும். மெஷினை எடுக்கச் சொன்னதும் நீங்கள்தான். நான் மோட்டர்வேயில் இருந்தபோது

சுகந்தி 20:19
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

விமலா 20:20
தவம், போனைக் கீழே வையுங்கோ

குமரன் 20:24
மாமா, தாத்தாவுக்கு நடந்தது இந்தச் சட்டமூலத்தில் சொல்வது அல்ல. பயன் தராத சிகிச்சையை நிறுத்துவது இங்கே ஏற்கெனவே சட்டபூர்வம். சாக உதவுவதுதான் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 வருடம் வரை சிறை. என் அம்மா ஒரு குற்றமும் செய்யவில்லை.

தவம் 20:25
குற்றம் என்று நான் சொல்லவில்லை. மூன்று மணித்தியாலம் பொறுத்திருக்கலாம் என்றுதான் சொன்னேன்

(ஒருவரும் பதில் எழுதவில்லை)

அபி 20:41
இப்போது அம்மம்மாவின் தாளைப் பார்ப்போமா. டி.என்.ஏ.சி.பி.ஆர். என்றால் இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்று மட்டும்தான் அர்த்தம். ஆன்டிபயாட்டிக், ஒக்சிஜன், சாப்பாடு எல்லாம் தொடரும். குடும்பம் அதில் கையெழுத்து வைக்கத் தேவையே இல்லை. ஆனால் டாக்டர் நோயாளியோடு கதைத்துத்தான் எழுதவேண்டும். 86 வயது, இப்படிப்பட்ட இதயம். அழுத்தினால் விலா எலும்பு முறியும், ஆள் திரும்புவது அபூர்வம்

அபி 20:42
சித்தி, நேற்று அம்மம்மாவிடம் என்ன சொன்னீர்கள்? சரியான சொல்லைச் சொல்லுங்கோ

ரஞ்சி 20:47
எனக்கு அந்த இங்கிலிஷ் வரவில்லை பிள்ளை. கடைசி நேரத்தில் டாக்டர்மார் ஒன்றும் செய்யமாட்டார்களாம் என்று சொன்னேன்

ரஞ்சி 20:47
பிறகு அழுதுவிட்டேன்

அபி 20:48
சரி சித்தி. பரவாயில்லை

ஜெயம் 20:49
வீட்டுக்கு வந்தும் அழுகைதான். பிட்டு அவிக்கவில்லை

அபி 20:52
இதனால்தான் குடும்பத்தவரை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது என்கிறார்கள். நாளை எனக்கு லீவு. லெஸ்டரில் இருந்து வருகிறேன். போன் வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வார்டில் கேட்டிருக்கிறேன். 2 மணி. யாரும் பக்கத்தில் நின்று குறுக்கே கதைக்க வேண்டாம்

குமரன் 20:55
சட்டமூலத்திலும் அது இருக்கிறது. தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளர் வைத்து நோயாளிக்கு விளங்கச் செய்யவேண்டும் என்று டாக்டர்களுக்கு

ஜெயம் 20:55
ஓர்டர், ஓர்டர்

தவம் 20:58
2 மணிக்கு நானும் வருகிறேன்

விமலா 20:59
கார் சர்வீஸில் இருக்கிறது

தவம் 20:59
ரயிலில் வருகிறேன்

வெள்ளி, 20 ஜூன் 2025

ரஞ்சி 07:15
[படம்: பிள்ளையார்] இனிய வெள்ளி வணக்கம் 🙏

விமலா 07:20
தோடு கிடைத்ததா?

குமரன் 11:05
டி.வி. பார்க்கிறேன். காலையிலேயே தொடங்கிவிட்டார்கள். ஒரு முக்கியமான திருத்தம், நாஸ் ஷா எம்.பி. கொண்டுவந்தது: சாப்பாட்டையும் தண்ணீரையும் தானாக நிறுத்தி உடல் மோசமானால், அதை மட்டும் வைத்து ஒருவரைக் குணமாகாத நோயாளி என்று கணக்கெடுக்க முடியாது. வாக்கெடுப்பே இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். சாப்பாட்டு நோய் உள்ள இளம் பெண்கள் இந்த ஓட்டையால் உள்ளே வந்துவிடுவார்களோ என்ற பயம்தான்

ஜெயம் 11:08
அப்போ கோப்பெருஞ்சோழன் வந்து வடக்கிருந்தாலும் இங்கே விண்ணப்பம் தள்ளுபடி

குமரன் 11:09
ஓம் சித்தப்பா. பிசிராந்தையாருக்கும் ஏலாது. பாண்டிய நாட்டுக்காரர், இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஒரு வருடம் வசித்து, ஜி.பி.யிடம் (குடும்ப டாக்டரிடம்) பதிந்திருக்க வேண்டும்

சுகந்தி 11:10
இரண்டு பேரும் வேலைக்குப் போகவில்லையா

தவம் 11:31
ரயில் 25 நிமிடம் தாமதம்

ரஞ்சி 11:32
அண்ணா மின்னஞ்சல் அனுப்பினீர்களா?

தவம் 11:36
எழுதினேன். அனுப்பவில்லை. எங்கள் எம்.பி. எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, பிறகு பார்ப்போம்

குமரன் 14:36
நிறைவேறிவிட்டது. 314க்கு 291. நவம்பரில் 55 வாக்கு வித்தியாசம், இப்போது 23தான். ஏழு மாதத்தில் 32 கரைந்திருக்கிறது. 12 பேர் பக்கம் மாறியிருந்தால் விழுந்திருக்கும். இனிப் பிரபுக்கள் சபைதான். அங்கே பெரும்பாலும் வயதானவர்கள், தங்கள் சொந்த விஷயம் போலப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்

குமரன் 14:50
ஒருவரும் இல்லையா?

ரஞ்சி 14:51
அபி என்ன ஆயிற்று?

சுகந்தி 14:52
நாங்கள் வெளியே காரிடாரில் நிற்கிறோம். தம்பியும் நிற்கிறான். உள்ளே அபி மட்டும்

ரஞ்சி 14:52
அண்ணாவும் அக்காவும் ஒரே காரிடாரிலா

ஜெயம் 14:53
இதைத்தான் வரலாற்று வாக்கெடுப்பு என்பது

அபி 15:14
முடிந்தது. எழுதுகிறேன் பொறுங்கோ

அபி 15:21
போனில் வந்தவர் ஒரு அக்கா. அம்மம்மா முதல் கேட்டது "எந்த ஊர் பிள்ளை நீர்?" அவர் சுன்னாகமாம். அதிலேயே பத்து நிமிடம் போய்விட்டது. டாக்டர் மணியைப் பார்க்கிறார். பிறகு அந்த அக்கா மெதுவாக எல்லாம் கேட்டார். அம்மம்மா சொன்னது: "நெஞ்சை இடிக்க வேண்டாம். அது நிற்கிற நேரம் நிற்கட்டும். காய்ச்சலுக்கு மருந்து தரட்டும், நான் குடிப்பேன்." டாக்டர் எழுதிக்கொண்டார்

அபி 15:22
ஊசி போடுவார்கள் என்று பயந்தீர்களா என்று நான் கேட்டேன். "எனக்கென்ன பயம், ரஞ்சிதான் அழுதுகொண்டு நின்றாள், அவளுக்கு யாராவது விளங்கப்படுத்துங்கோ" என்றார்

ரஞ்சி 15:23
😭

ஜெயம் 15:23
இன்றைக்கும் பிட்டு இல்லை

அபி 15:25
அப்புறம் இன்னொன்று. வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். டாக்டர் திங்கள் பார்க்கலாம் என்கிறார், கீழ்த்தட்டில் கட்டில் வேண்டுமாம்

விமலா 15:26
எந்த வீடு என்று கேட்டீரா?

அபி 15:26
கேட்டேன் மாமி. யாழ்ப்பாணத்தில் அளவெட்டி வீடு என்றார்

அபி 15:27
பிறகு சிரித்துவிட்டு, எது கிட்டவோ அது என்றார்

சுகந்தி 15:30
கிட்ட என்றால் என் வீடுதான். ஆனால் படி

தவம் 15:31
எங்கள் வீட்டில் கீழே அறை இருக்கிறது

சுகந்தி 15:31
கோவென்ட்ரி கிட்டவா?

தவம் 15:32
நான் தூரத்தைச் சொல்லவில்லை அக்கா, அறையைச் சொல்கிறேன்

ஜெயம் 15:33
ஒரே காரிடாரில் நின்றுகொண்டு ஏன் குழுவில் எழுதுகிறீர்கள்

குமரன் 15:34
ஞாயிறு 11 மணிக்கு எல்லோரும் சூமில் கதைப்போமா? நான் நிகழ்ச்சிநிரல் போடுகிறேன்

விமலா 15:35
ஞாயிறு எனக்கு ஏலாது, தமிழ்ப் பள்ளிக்கூடக் கூட்டம்

ரஞ்சி 15:36
சனி?

தவம் 15:37
சனி பார்ப்போம். ரயிலில் இருந்து சொல்கிறேன்

அபி 15:52
தோடு கிடைத்தது. அம்மம்மாவின் காதில்தான் இருக்கிறது. கழற்றவே விடவில்லையாம்