ஒரு விரலால் காட்டச் சொல்

குழு: நம்ம வீடு

வெள்ளி

நான் (7.12): அம்மாவுக்கு வலது தோள் வலி இன்னும் விடவில்லை. இரண்டு மாதமாகிறது. டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். பனடோல் கொடுத்து, சுவரில் விரலை ஏற்றி ஏற்றிக் கையை மேலே கொண்டு போகிற பயிற்சியும் சொன்னார்கள். அதைச் செய்யச் செய்யத்தான் வலி கூடுகிறது. இன்றைக்குத் தோட்டத்தில் 18 கிலோ தேயிலைக் கொழுந்து எடுக்க முடியாமல் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் போட்டார்கள்.

சின்னம்மா (மஸ்கெலியா): எனக்குப் போன வருஷம் வந்த அதே வருத்தம்தான் மகன், தோள் இறுகிப் போகும். சீனி வருத்தக்காரர்களுக்கு அதிகமாக வருமாம். சித்தாலேப பூசி ஒத்தடம் கொடு.

அண்ணா (கொழும்பு): நெஞ்சு வருத்தமும் தோளுக்கு வரும் என்கிறார்களே. அதைப் பார்த்தீர்களா? எனக்கு இங்கே வேலையே ஓடவில்லை.

மாமா (தலவாக்கலை): கழுத்து நரம்பாகத்தான் இருக்கும். முப்பது வருஷம் தலையில் கயிறு போட்டுக் கூடை சுமந்தவள்.

அக்கா (கண்டி) (8.05): இப்போதுதான் டியூட்டி முடிந்தது. நீங்கள் மூன்று பேரும் சொன்ன எதையும் தள்ளிவிட முடியாது. தோளில் ஒன்றுமே இல்லாமல் கழுத்திலிருந்தும், பித்தப்பையிலிருந்தும்கூட வலி வந்து தோள் உச்சியில் நிற்கும். வயிற்றுக்கு மேலே இருக்கிற உதரவிதானத்துக்குப் போகிற நரம்பும் தோள் உச்சித் தோலுக்கு வருகிற நரம்பும் கழுத்தில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் புறப்படுகின்றன. அதனால் முதலில் கேட்க வேண்டியதைக் கேட்போம். தம்பி, அம்மா பக்கத்தில் இருக்கிறாரா? மலை ஏறும்போது வலி கூடுகிறதா, வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்குகிறதா? எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டால் வருகிறதா? காய்ச்சல், மெலிவு, கை மரத்துப் போவது ஏதாவது உண்டா?

நான்: எல்லாவற்றுக்கும் இல்லை என்கிறார். ஏற்றத்தில் மூச்சு வாங்குவது எப்போதும் போலத்தானாம். கொழுந்து எடுத்து முடித்துக் கையைத் தூக்கும்போதுதான் வலியாம், அப்புறம் ராத்திரி அந்தப் பக்கம் சரிந்து படுத்தால்.

அக்கா: சரி. அண்ணா, இது நெஞ்சு போலத் தெரியவில்லை. ஆனால் என்றைக்காவது நெஞ்சு அடைத்து வியர்த்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே ஆம்புலன்ஸுக்கு 1990 அடிக்க வேண்டும். தம்பி, வலிக்கிற இடத்தை ஒரே விரலால் காட்டச் சொல். உள்ளங்கையால் தடவிக் காட்டினால் அது வேறு.

நான்: காறை எலும்பு முடிகிற இடத்தில், தோள் உச்சியில் ஒரு மேடு இருக்கிறதே, சரியாக அதன்மேல் விரலை வைத்தார்.

அக்கா: நல்லது. கழுத்தை நாலு பக்கமும் திருப்பச் சொல், அதே வலி வருகிறதா பார். அப்புறம் முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டி வைத்து முன்கைகளை வெளியே விரிக்கச் சொல். இரண்டு கையும் ஒரே அளவு போகிறதா?

நான்: கழுத்து இறுக்கமாக இருக்கிறது, ஆனால் அந்த வலி வரவில்லை. முன்கைகள் ஒரே மாதிரி போகின்றன.

அக்கா: அப்படியானால் சின்னம்மாவுக்கு வந்தது இல்லை. தோள் இறுகினால் முதலில் கெடுவது இந்த அசைவுதான், மற்றவர் பிடித்துத் திருப்பினாலும் போகாது. இனிக் கையைப் பக்கவாட்டில் மெதுவாக மேலே தூக்கட்டும். எங்கே வலிக்கிறது என்று சரியாகச் சொல். அது முடிந்ததும் வலது கையை மார்புக்குக் குறுக்கே இடது தோள் வரை கொண்டு போகட்டும்.

நான் (8.31): பாதி வழி வரை ஒன்றுமில்லை. காதுக்குப் பக்கத்தில் வரும்போதுதான் முகம் சுளித்தார். குறுக்கே கொண்டு போனதும் "ஐயோ அதேதான்" என்றார்.

அக்கா: தோளுக்குள் இருக்கிற தசைநார் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் நடுவழியில், கை தோள் உயரத்துக்கு வருகிற இடத்தில் வலிக்கும், மேலே போனதும் குறையும். அம்மாவுக்கு நேர்மாறாக இருக்கிறது. கையை முழுக்கத் தூக்கும்போது காறை எலும்பும் சும்மா இருக்காது, எழும்பிப் பின்பக்கமாகச் சுழலும். அதன் வெளி முனை தோள்பட்டை எலும்போடு சேருகிற சின்ன மூட்டு அப்போதுதான் நெரிபடும். சுவரில் ஏறுகிற பயிற்சி அந்த மூட்டைத்தான் நாள்தோறும் நெரித்திருக்கிறது. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், மூட்டுக்குள் இருக்கிற மெத்தையும் கட்டு நார்களும் அதில் தெரியாது.

அண்ணா: ஆனால் அடிபடவில்லையே? விழவும் இல்லையே?

அக்கா: அதுதான் எனக்கும் புரியவில்லை. தம்பி, அம்மா இப்போது கொழுந்துப் பையை எப்படி மாட்டுகிறார்? மாட்டிக் காட்டச் சொல்லி ஒரு போட்டோ அனுப்பு.

நான்: 📷

நான்: அக்கா, கயிறு தலையில் இல்லை! இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பு கழுத்து வலித்ததால் வலது தோளுக்கு மாற்றிக்கொண்டாராம். யாருமே கவனிக்கவில்லை. கயிறு அந்த மேட்டின்மேலேயே கிடக்கிறது. மழைக் கொழுந்து வேறு, ஈரத்தில் பாரம் கூடும்.

மாமா: கழுத்து என்று சொன்னேன் இல்லையா.

அக்கா: தொடக்கம் கழுத்துதான் மாமா, நீங்கள் சொன்னது வீண் போகவில்லை. கழுத்தைக் காப்பாற்றப் போய் தோள் பிடித்துக்கொண்டது. ஆனாலும் கையால் அமர்த்திப் பார்க்காமல் நான் முடிவு சொல்ல மாட்டேன். சுவர்ப் பயிற்சியை இன்றே நிறுத்துங்கள், கையைத் தோள் உயரத்துக்கு மேலே தூக்க வேண்டாம். ஞாயிறு வருகிறேன்.

ஞாயிறு

அக்கா (4.20): வீட்டில் இருக்கிறேன். அந்த மூட்டில் விரல் வைத்து லேசாக அமர்த்தியதும் அம்மா கையைத் தட்டிவிட்டார். சுற்றி வேறெங்கும் வலி இல்லை, காறை எலும்பின் நெஞ்சுப் பக்க முனையும் நன்றாக இருக்கிறது. டாக்டருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். தேவைப்பட்டால் அந்த மூட்டுக்குள் மரத்துப்போகிற ஊசி போட்டுப் பார்ப்பார், வலி போனால் சந்தேகமே இல்லை.

சின்னம்மா: அதுவரைக்கும் வேலை, மகள்?

அக்கா: இந்த வாரம் ஓய்வு. அப்புறம் கயிறு தோளிலும் வேண்டாம், தலையிலும் வேண்டாம், இடுப்பில் அகலப் பட்டி. பை பாதி நிறைந்ததும் இறக்கிவிட வேண்டும். பக்கத்து நிரைக்காரர்கள் தூக்கிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணா: பட்டி நான் வாங்கி அனுப்புகிறேன். எத்தனை அங்குலம்?

அக்கா: 4 அங்குலமாவது இருக்கட்டும். உள்ளே பஞ்சு வைத்தது.

நான்: நாளை கிளினிக்குக்கு முதல் பஸ்ஸில் நான் கூட்டிப் போகிறேன். கயிற்றை அக்கா கழற்றி எடுத்து வைத்துக்கொண்டார், அம்மா அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.