ரொறொன்ரோ ஸ்காபரோ பின்வளவில ஸ்டார்லிங்கும் மரங்கொத்தியும்: என்ன செய்யலாம்?

பின்வளவுக்காரன்:
போன நவம்பரில அம்மாவுக்காக பறவைக்குத் தீன் வைக்கிற ஃபீடர் ஒண்டு தொங்கவிட்டன், மாட்டுக்கொழுப்புக் கட்டியும் வைச்சன். முதல் கிழமை சிக்கடி, சிவப்புக் கார்டினல் எண்டு சின்னப் பறவையள் வந்து நல்ல வடிவு. இப்ப ஸ்டார்லிங் எண்ட கறுத்தப் பறவையள் இருபது முப்பதாய் இறங்கி அரை மணித்தியாலத்தில கட்டியை முடிச்சுப்போடுது. டெக் முழுக்க எச்சம். உறைஞ்சா சுரண்டேலாது.

அதைவிடப் பெரிய தலையிடி, சின்ன மரங்கொத்தி ஒண்டு. விடிய ஏழு மணிக்கு அம்மாவின்ர அறைச் சுவரில டொக் டொக். ஃபோமுக்கு மேல பூசின ஸ்டக்கோப் பூச்சில டூனி (ரெண்டு டொலர் காசு) அளவு ஓட்டை. கீழ கிடக்கிறது பனியோ ஃபோமோ எண்டு மிதிச்சாத்தான் தெரியுது. பக்கத்து வீட்டுக்காரர் மரங்கொத்தி ஒட்டுப்படச் சுவரில பசை பூசச் சொல்லுறார். ஃபீடரைக் கழட்டுவம் எண்டா அம்மா விடுறா இல்லை: "இந்தக் குளிருக்கு அதுகள் எங்க போகும்?"

கூரைவேலை:
பசை பக்கம் போகாதேங்கோ அண்ணை. மரங்கொத்திக்குக் கனடாவின்ர 1994ஆம் ஆண்டு இடம்பெயர் பறவைச் சட்டத்தில பாதுகாப்பு இருக்கு, ஸ்டார்லிங்குக்கு இல்லை. ஃபோம் ஸ்டக்கோவைத் தட்டினா உக்கின மரம் மாதிரிக் கேக்கும். இராத்தங்கப் பொந்து தோண்டுது. பகலில டோர்ச் அடிச்சு உள்ள ஒண்டும் இல்லையெண்டு பார்த்திட்டு, கம்பிவலை வைச்சுப் பூசுங்கோ. வெறும் ஃபோமால அடைச்சா திரும்பக் கொத்தும். மினுங்கிற ரேப்பும் தொங்கவிடுங்கோ.

மிசிசாகா மதுரைக்காரி:
கொழுப்புக்கு அடிப்பக்கம் மட்டும் திறந்த கூண்டு வாங்குங்க. சிக்கடியும் மரங்கொத்தியும் தலைகீழாத் தொங்கித் தின்னும். ஸ்டார்லிங் கொஞ்ச நேரம் படபடன்னு அடிச்சுப் பார்த்துட்டுப் போயிடும். ஃபீடர்ல குசும்பப்பூ விதை (safflower) போடுங்க, கார்டினலுக்குப் பிடிக்கும், ஸ்டார்லிங் அவ்வளவா தொடாது. கூண்டு மாத்தினப்ப எங்க வீட்ல நாலு நாள் ஒண்ணுமே வரல, பயந்துட்டேன். ஆமா, யாராவது சோறு வைக்கிறீங்களா? அதுக்குத்தான் கூட்டம் கூடும், பின்னாலயே எலியும் வரும்.

பழைய ரொறொன்ரோ:
ஸ்டார்லிங் இந்தக் கண்டத்துப் பறவையே இல்லை. 1890இல நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில அறுபதைக் கொண்டுவந்து விட்டவை, அடுத்த வருசம் இன்னும் நாப்பது. எங்களைப் போல வந்து குடியேறினதுகள்தான், கனக்கக் கோவிக்காதேங்கோ.

பின்வளவுக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. கூண்டு ஓடர் பண்ணிட்டன். சோறு வைக்கிறியளோ எண்டு அம்மாவைக் கேட்டன், "நானோ?" எண்டா. வேலிக்கரையில போய்ப் பார்த்தன். பனிக்குள்ள பருப்பும் சோறும் உருண்டை உருண்டையாய் உறைஞ்சு கிடக்குது.