பச்சைத் தண்ணி, விடியக்காலையில் வாய் பிளக்கும் கோய் மீன்: யோசனை சொல்லுங்க

காரைக்குடி. பின்கட்டுல சிமெண்டுத் தொட்டி, 10×6 அடி, தண்ணி 3 அடி. சுமார் 5,000 லிட்டர். ஆறு அங்குல கோய் 20.

பி.எச். (தண்ணியோட அமில-கார அளவு) காலையில் 7.6, சாயங்காலம் 9.1. அம்மோனியா 0.5. சிமெண்டுச் சுண்ணாம்பு கசிஞ்சா காலையிலும் இப்படி இறங்காது, அதனால பாசி வேலைதான். பகல்ல கரியமில வாயுவைத் தின்னு பி.எச். ஏத்துது, அம்மோனியாவுக்கு அப்பத்தான் விஷம் கூடுது. ராத்திரி ஆக்சிஜனையும் அதுவே இழுக்க, விடியக்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்குது.

தீனி பாதியாக்கியாச்சு, 50 சதவீத நிழல்வலையும் கட்டியாச்சு. வாரம் 20 சதவீதம் போர் தண்ணி, ஷவர் வழியா. (பாசிக்கொல்லி வேண்டாம், மொத்தப் பாசியும் செத்து அழுகினா இருக்கிற ஆக்சிஜனும் போயிடும்.)

பச்சைப் பாசியைக் கொல்ற யு.வி. (புற ஊதா) விளக்கு எத்தனை வாட், பம்பு மணிக்கு எத்தனை லிட்டர்? 200 லிட்டர் டிரம் வடிகட்டிக்குச் சரளையா, பயோபாலா (நல்ல பாக்டீரியா ஒட்டி வளர்ற பிளாஸ்டிக் உருண்டை)? ராத்திரி கரண்டு போனா ஏர் பம்புக்கு என்ன பேட்டரி வைக்கிறீங்க?