சர்நேமுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்

பாளையங்கோட்டை:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாணவர்கள் உலக நாடுகளின் சர்நேம்களைப் பற்றி ஒரு சிறுநூல் தயாரிக்கிறார்கள். வெள்ளி மாலை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். 'குடும்பப்பெயர்' என்றே எழுதிக்கொண்டு போனோம், ஐஸ்லாந்தில் மாட்டிக்கொண்டோம். 1980-ல் அந்நாட்டின் குடியரசுத் தலைவரான விக்டிஸ் ஃபின்போகாதோத்திர், ஃபின்போகியின் மகள். அந்த அப்பாவோ தோர்வால்ட்சன், தோர்வால்டின் மகன். ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. இதை எப்படிக் குடும்பப்பெயர் என்பது?

அம்பாசமுத்திரம்:
டீச்சர், தொல்காப்பியத்தில் பெயர்ச்சொற்களைப் பற்றிய பெயரியலைப் புரட்டுங்கள். 'நிலப்பெயர் குடிப்பெயர் குழுவின் பெயரே வினைப்பெயர் உடைப்பெயர்' என்று தொல்காப்பியர் அடுக்கி வைத்திருக்கிறார். வினைப்பெயருக்கு உரைகாரர்கள் காட்டுவது தச்சன், கொல்லன். இங்கிலாந்தின் ஸ்மித், ஜெர்மனியின் ஷ்மிட், ஹங்கேரியின் கோவாச், ருஷ்யாவின் குஸ்னெட்சோவ், இத்தாலியின் ஃபெராரி எல்லாமே கொல்லன் பட்டறையில் பிறந்தவைதான். ஐஸ்லாந்துக்கும் திகைக்க வேண்டாம். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் இருக்கிறாரே! மொத்தத்துக்கும் 'குடிப்பெயர்' போதும். 'குடும்பம்' வடசொல், தள்ளுங்கள்.

தென்காசி:
அண்ணாச்சி, குடிப்பெயர் என்று கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். கடைசி பெஞ்சு சிரிக்கிற சிரிப்பில் பீரியடே போய்விடும். சிரிப்பு அடங்கினால் அடுத்தது சாதி. சாதிப் பட்டத்தை விடச் சொல்லி 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். இன்றைக்கு ஒரு விண்ணப்பத்தில் 'குடிப்பெயர் என்ன?' என்று கேட்டால் சனங்கள் எதை எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? 'பின்பெயர்' போதும்.

பாளையங்கோட்டை:
ஹங்கேரி, சீனா, கொரியாவில் அது முன்னால் வருகிறதே?

தென்காசி:
நம்ம இனிஷியலும் முன்னால்தான். சரி, வாபஸ்.

மணப்பாடு:
தலைமுறை தலைமுறையாகச் சர்நேம் வைத்திருக்கிற எங்களை விட்டுவிட்டு விக்டிஸ் வரைக்கும் போய்விட்டீர்கள்! முத்துக்குளித்துறையில் 1530களில் போர்த்துக்கீசியர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றதிலிருந்து பர்னாந்து, மோத்தா, கொரைரா, மச்சாது என்று கடற்கரை நெடுக உண்டு. தூத்துக்குடிக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்து ஒருவர் போதாதா? ஆனால் டீச்சருடைய சந்தேகம் இங்கேயும் நிற்கிறது. ஒரே தெருவில் நாலு பர்னாந்து வீடு இருக்கும், ஒன்றுக்கொன்று சொந்தம் இருக்காது. தபால்காரர் புதுசு என்றால் 'எந்த பர்னாந்து?' என்று கேட்டுக்கொண்டு நிற்பார், பட்டப்பேரைச் சொன்னால்தான் வாசல் தெரியும். குடும்பத்தைக் காட்டுவது பட்டப்பேர், சர்நேம் அல்ல. பிலிப்பைன்ஸிலும் இப்படித்தான். 1849-ல் ஸ்பானிய ஆளுநர் கிளாவேரியா ஒரு பட்டியலை அனுப்பி அதிலிருந்து பெயரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பட்டியலில் வந்த பெயரில் என்ன குடும்பம்?
'வகையறாப் பெயர்' என்று வைத்தால் என்ன?

அம்பாசமுத்திரம்:
வகையறா உருது வழியாக வந்தது!

தென்காசி:
எங்கள் ஆச்சிக்குப் புரியும். அப்புறம், குடும்பம் வடசொல் என்றீர்களே, உத்திரமேரூர்க் கல்வெட்டில் முப்பது 'குடும்பு' வருகிறதே?

அம்பாசமுத்திரம்:
அது ஊரின் பிரிவு, இப்போதைய வார்டு. குடும்பு வேறு, குடும்பம் வேறு. ஆனால் குடி, குடில், குடிசை, குடிகை எல்லாம் ஒரே வேர். அங்கிருந்து 'குட' என்னும் வளைவுப் பொருளுக்குப் போனால் குடம், குடை, குடந்தம்...

பாளையங்கோட்டை:
அண்ணாச்சி, நாளை வெள்ளி.

அம்பாசமுத்திரம்:
சரி, குடியை விட்டேன். 'வழிப்பெயர்' எடுத்துக்கொள்ளுங்கள். வழித்தோன்றல், வழிவழி என்று ஏற்கெனவே புழங்குகிற வழிதான். அப்பா வழியும் அடங்கும், குலவழியும் அடங்கும்.

சங்கரன்கோவில்:
இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வழிப்பெயருக்கு என் ஓட்டு. ஸ்பெயினில் அப்பா வீட்டுப் பெயர், அம்மா வீட்டுப் பெயர் இரண்டுமே வரும். நம் பக்கத்திலும் தாய்வழியில் கிளை எண்ணுகிற குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கும் இந்தச் சொல் ஒத்துவரும்.

தென்காசி:
பஸ் போர்டில் 'வழி: சேரன்மகாதேவி' என்று பார்த்தவன் இதை ரூட்டின் பெயர் என்று நினைப்பான். குடும்பப்பெயரே இருக்கட்டும், முன்னுரையில் ரெண்டு வரி விளக்கம் போடுங்கள்.

மணப்பாடு:
எனக்கும் அதுவே சம்மதம். பிடித்துச் சொல்லவில்லை, கண்ணைக் கட்டுகிறது.

பாளையங்கோட்டை:
நன்றி. நூல் முழுக்கக் 'குடும்பப்பெயர்'. ஐஸ்லாந்துப் பக்கத்தில் மட்டும் 'தந்தைவழிப் பெயர்'. சொல்லடைவில் 'வழிப்பெயர்' மாற்றுச்சொல்லாக இருக்கும். ஃபைலை அனுப்பிவிட்டேன்.

அம்பாசமுத்திரம்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஐஸ்லாந்தில் அம்மா பெயரோடு 'சன்' சேர்ப்பவர்களும் உண்டு. கால்பந்து வீரர் ஹெய்தர் ஹெல்குசன், ஹெல்காவின் மகன். ஹெல்கா அவருடைய அம்மா. உங்கள் தந்தைவழிப் பக்கத்தில் அவரை எங்கே உட்கார வைப்பீர்கள், டீச்சர்?