பெரியப்பாவின் வாய்ஸ் மெசேஜும் ரோஸ் எய்லிங்-எல்லிஸும்

குழு: தாத்தா வீட்டுத் திண்ணை
ஞாயிறு, இரவு 8:04

பெரியப்பா: 🎤 குரல் செய்தி (2:47)

நிலா: பெரியப்பா, டைப் செய்யுங்கள் ப்ளீஸ். காது மிஷினில் வாய்ஸ் மெசேஜ் வெறும் இரைச்சலாகத்தான் வருகிறது. நேரில் என்றால் வாயைப் பார்த்துப் பாதியாவது பிடித்துவிடுவேன்.

பெரியப்பா: மறந்தே போச்சு கண்ணு. விஷயம் இதுதான். லண்டனில் உன் சித்தி ஒரு சீரியல் பார்க்கிறாளாம். காது கேட்காத பெண் போலீசுக்குத் துப்பு சொல்கிறாளாம். அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே கேட்காதா, இல்லை நடிப்பா?

கார்த்தி அண்ணன்: இதற்கா அப்பா இரண்டே முக்கால் நிமிடம் பேசினீர்கள்?

லண்டன் சித்தி: பிறவியிலேயே கேட்காது அத்தான். பெயர் ரோஸ் எய்லிங்-எல்லிஸ். 1994-இல் பிறந்தவர், வளர்ந்தது இங்கிலாந்தில் கெண்ட் என்ற பகுதியில். சீரியல் பெயர் கோட் ஆஃப் சைலன்ஸ், ஐடிவியில் 2025 மே மாதம் வந்தது. முதல் சீசனில் ஆறே எபிசோட். கதை நடப்பதும் கெண்டில்தான், கான்டர்பரியில். போலீஸ் கேன்டீனில் வேலை பார்க்கிற பெண். திருட்டுக் கும்பலை வீடியோ எடுத்து வைத்திருக்கிறார்கள், ஆனால் பேச்சு பதியவில்லை. உதட்டைப் படிக்க ஆள் கிடைக்காமல் கடைசியில் கேன்டீனுக்கு வருகிறார்கள்.

மாமா: உதட்டைப் பார்த்தே ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிடுவாளா? நம்ம சினிமாவில் பைனாகுலரில் பார்த்துச் சொல்வார்களே, அந்த மாதிரி?

நிலா: இல்லை மாமா, அப்படி இல்லாததால்தான் எனக்குப் பிடித்தது. போன லீவில் சித்தி வீட்டில் இரண்டு எபிசோட் பார்த்தேன். ஆள் பேசும்போது திரையில் எழுத்துகள் தாறுமாறாக வரும். இரண்டு எழுத்து தெரியும், நடுவில் ஒன்றும் இருக்காது. அப்புறம் ஒவ்வொன்றாக இடம் மாறி ஒரு வார்த்தையாகும். அதுவும் சில நேரம் தப்பாகிவிடும். என் தலைக்குள் நடப்பதை யாரோ எட்டிப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது.

லண்டன் சித்தி: எழுதிய கேத்தரின் மோல்டனுக்கும் காது சரியாகக் கேட்காது. சின்ன வயதிலிருந்தே உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு வளர்ந்தவர். அதனால்தான் அந்த நுணுக்கம்.

மாமா: எழுத்து ஏன் குழம்ப வேண்டும்? வாய் தெளிவாகத் தெரிகிறதே.

நிலா: கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல் "பணம்" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு "மணம்" என்று சொல்லுங்கள். வித்தியாசம் தெரிகிறதா?

மாமா: இரு.

8:19

மாமா: ஒரு வித்தியாசமும் இல்லையே!

நிலா: அதனால் முன்னே பின்னே என்ன பேசினார்கள் என்று வைத்து ஊகிப்பதுதான் முக்கால்வாசி வேலை. கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் நான் ஏன் மாடிக்குப் போய்விடுகிறேன் என்று இப்போது தெரிகிறதா?

கார்த்தி அண்ணன்: ரோஸ் பெயர் வாங்கியது இதில் இல்லை, டான்ஸில். 2020-இலிருந்து 2022 வரை ஈஸ்ட்எண்டர்ஸ் சீரியலில் ஃபிராங்கி என்ற பாத்திரம். நம்ம ஊர் மெகா சீரியல் மாதிரி 1985-இலிருந்து ஓடுகிறது. அதில் இருக்கும்போதே 2021-இல் ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங். அந்தப் போட்டியில் காது கேட்காத முதல் போட்டியாளர். அந்த வருஷம் கோப்பையும் அவருக்குத்தான்.

பெரியப்பா: பாட்டே கேட்காமல் எப்படி ஆடுவது?

லண்டன் சித்தி: மிஷின் போட்டால் தாளம் ஓரளவு கிடைக்குமாம், வரிகள் புரியாது. மற்றபடி எண்ணிக்கைதான். கூட ஆடிய ஜியோவானி பெர்னிச்சேயின் உடம்பு அசைவையும் பிடித்துக்கொள்வார். ஒத்திகைக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் உண்டு. ஆறாவது வாரத்திலேயே நாலு நடுவர்களும் பத்துக்குப் பத்து.

லண்டன் சித்தி: நவம்பரில் ஒரு சனிக்கிழமை. இரண்டு பேரும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் பாட்டு சட்டென்று நின்றுவிட்டது. நான் டிவி கெட்டுப்போச்சு என்று ரிமோட்டைத் தேடுகிறேன், உங்கள் சித்தப்பா சோபா மெத்தையைத் தூக்கிப் பார்க்கிறார். நிமிர்ந்தால் அவர்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கிறார்கள், ஒரு அடி பிசகவில்லை. வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறார்கள்! சத்தமில்லாத அந்தச் சில நொடிக்குத்தான் 2022-இல் பாஃப்டா விருது, பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது.

மாமா: ஊமை பாஷையிலேயே இவ்வளவு பேர் வாங்கியிருக்கிறாளே, பெரிய விஷயம்.

நிலா: மாமா 🙄

மாமா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

மாமா: சைகை மொழி. சைகை மொழி. சரியா?

நிலா: சரி 😄 அது தனி மொழி மாமா, தனி இலக்கணம். 2022 ஏப்ரலில் பிரிட்டனில் அதை ஒரு மொழியாக ஏற்றுச் சட்டமே போட்டார்கள், அதற்காகப் பேசியவர்களில் ரோஸும் உண்டு. அமெரிக்கச் சைகையில் ஆங்கில எழுத்துகளை ஒரு கையால் காட்டுவார்கள், பிரிட்டனில் இரண்டு கை. நம் இந்தியச் சைகையிலும் இரண்டு கைதான். அதனால் அவர் விரலில் எழுத்துக் கூட்டினால் எனக்குக் கொஞ்சம் பிடிபடுகிறது.

லண்டன் சித்தி: காது மிஷின் போட்ட பார்பி பொம்மை அனுப்பினேனே, அதன் விளம்பரத்திலும் இவர்தான்.

நிலா: பொம்மைக்கு ரோஸ் நிற மிஷின். எனக்குக் கொடுத்தது தோல் நிறம். வெளியே தெரியக் கூடாதாம்.

8:41

நிலா: ஒன்று சொல்கிறேன். எல்லோரும் அந்த டான்ஸையே சொல்கிறீர்கள். எனக்கு அதைவிடப் பெரிது 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸ். சானல் 4-இல் தொகுப்பாளராக உட்கார்ந்தார். நேரடி விளையாட்டு ஒளிபரப்பைத் தொகுத்த காது கேளாத முதல் ஆள். நடிப்பு என்றால் கதையில் காது கேட்காத பெண் வந்தால்தான் கூப்பிடுவார்கள். தொகுப்பாளர் வேலையில் அது கிடையாது. கேள்வி கேட்கிற நாற்காலி அது.

கார்த்தி அண்ணன்: ஒத்துக்கொள்ள மாட்டேன். 2022 கடைசியில் லண்டன் மேடையில் ஷேக்ஸ்பியர் நாடகம், ஆஸ் யூ லைக் இட். சீலியா வேஷம். அந்தப் பாத்திரத்துக்குக் காது நன்றாகவே கேட்கும். காது கேட்காதவள் என்று எழுதினவர் எங்கும் சொல்லவில்லை, இவர் பாட்டுக்குச் சைகையில் நடித்தார்.

நிலா: ம்ம். அது பாயின்ட்தான். ஆனால் அதற்குப் பிறகும் டிவியில் வந்ததைப் பாருங்கள். டாக்டர் ஹூவில் வந்தபோதும் காது கேட்காத பெண்தான்.

கார்த்தி அண்ணன்: அந்த எபிசோடில் அதுதானே பயமே! அவர் முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒன்று நிற்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னாலேயே இருக்கிறது.

மாமா: ராத்திரி நேரத்தில் இதெல்லாம் எதற்கு.

லண்டன் சித்தி: நிலா சொல்வதும் சரிதான். ஆனால் கோட் ஆஃப் சைலன்ஸில் நடித்ததோடு நிற்கவில்லை, தயாரிப்பிலும் பெயர் போட்டிருக்கிறது. யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்கிற இடத்தில் இப்போது இவரும் இருக்கிறார். 2024 புத்தாண்டு அரசு விருதுப் பட்டியலிலும் வந்தாயிற்று, எம்பிஇ.

நிலா: தயாரிப்பிலுமா? அது எனக்குத் தெரியாது சித்தி.

8:55

பெரியப்பா: 🎤 குரல் செய்தி (0:03)

பெரியப்பா: கை பட்டுவிட்டது, கேட்காதே. டைப் செய்கிறேன். நீ சொன்ன கண்ணாடி வேலையை உன் பெரியம்மாவிடம் செய்து பார்த்தேன். சத்தமில்லாமல் "பாடு" என்று சொன்னேன், அந்தக் காலத்தில் நன்றாகப் பாடுவாள்.

பெரியப்பா: "யாரைப் பார்த்து மாடு என்கிறீர்கள்" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். தோசை இன்னும் வரவில்லை.