அக்டோபரில் தோற்றவர் நவம்பரில் ஜெயித்த நாலு தடவை

நாலாம் டவுன்:

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஃபுட்பாலில் ஒரே பருவத்தில் இரண்டு முறை மோதும் பங்காளிகள் பலர் உண்டு. ஆனால் தெற்கு கலிஃபோர்னியாவின் இந்த இரண்டு கத்தோலிக்கப் பள்ளிகளைப் போல மறுமோதலைப் பாடமாகப் படிக்க வாய்ப்பு தருபவர்கள் குறைவு. சான்டா ஆனாவின் மாட்டர் டே (தமிழில் எழுதினால் 'டேய்' என்று வந்துவிடுகிறது, கவனம்), பெல்ஃபிளவரின் செயின்ட் ஜான் பாஸ்கோ. இரண்டாவது பெயர் நமக்குப் பழக்கமானதுதான். நம்மூர் டான் பாஸ்கோ பள்ளிகளுக்குப் பெயர் கொடுத்த அதே புனிதர்.

இரண்டும் டிரினிட்டி லீகில் இருக்கின்றன. அக்டோபரில் லீக் ஆட்டம். பிறகு டிவிஷன் 1 பிளே-ஆஃப். அதில் இருவரும் ஜெயித்துக்கொண்டே போனால் நவம்பர் கடைசியில் இறுதிப் போட்டி. கணக்கைப் பாருங்கள்:

2018: லீகில் பாஸ்கோ 41-18. இறுதியில் மாட்டர் டே 17-13.
2019: லீகில் மாட்டர் டே 38-24. இறுதியில் பாஸ்கோ 39-34.
2022: லீகில் மாட்டர் டே 17-7. இறுதியில் பாஸ்கோ 24-22.
2023: லீகில் பாஸ்கோ 28-0. இறுதியில் மாட்டர் டே 35-7.

எப்போதும் இப்படித்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017-லும் 2021-லும் மாட்டர் டே இரண்டையும் ஜெயித்து, தோல்வியே காணாமல் பருவத்தை முடித்தது. ஆனாலும் நாலு தடவை தலைகீழ் என்றால் அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்காது. இடையில் இருக்கும் ஐந்து முதல் ஏழு வாரத்தில் தோற்ற அணி என்ன மாற்றுகிறது, எது சொதப்புகிறது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். 'வெறியோடு ஆடினார்கள்' என்பது போன்ற பதில் வேண்டாம்.

ஓரக்கோடு:

வீடியோவிலிருந்து ஆரம்பிக்கலாம். இரண்டு அணியிடமும் இருப்பது ஒரே படம். ஜெயித்தவர் அதைப் பார்த்து "இது போதும்" என்பார். தோற்றவர் ஒவ்வொரு ஸ்னாப்பையும் (பந்து பின்னால் கைமாறி ஆட்டம் கிளம்பும் கணம்) பிரித்துப் போடுவார். வித்தியாசம் அங்கேதான்.

ஹடல் மாதிரியான மென்பொருளில் ஒவ்வொரு ஆட்ட நகர்வுக்கும் ஒரு வரிசை. நிரப்ப வேண்டிய கட்டங்கள்: எத்தனையாவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் எது), எத்தனை யார்டு பாக்கி, மைதானத்தில் எந்த இடம், பந்து எந்த ஹாஷ் கோட்டில் (பந்தை வைக்கும் பகுதியின் இரு ஓரங்களைக் காட்டும் உள் கோடுகள்), ஆட்கள் சேர்க்கை, அணிவகுப்பு, ஸ்னாப்புக்கு முன் யார் நகர்ந்தார், ஓட்டமா பாஸா, எந்தப் பக்கம், எவ்வளவு கிடைத்தது. ஆட்கள் சேர்க்கையை இரண்டு இலக்கத்தில் எழுதுவார்கள். முதல் இலக்கம் ரன்னிங்பேக் (பந்தோடு ஓடுபவர்), இரண்டாவது டைட் எண்ட் (வரிசை ஓரத்தில் நின்று தடுப்பவர், பாஸும் பிடிப்பார்). '11' என்றால் தலா ஒருவர், மிச்சம் மூன்று பேர் ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்).

ஹாஷ் கட்டத்தைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்-லில் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கு இடையே 18 அடி 6 அங்குலம்தான், பந்து எப்போதும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். பள்ளி மைதானத்தில் ஹாஷ் கோடுகள் அகலத்தை மூன்று சம பங்காக வெட்டுகின்றன, ஒரு பங்கு 53 அடி 4 அங்குலம். பந்து இடது ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 53 அடி, மறுபக்கம் 106 அடிக்கு மேல். அதனால் பள்ளி அணிகள் 'அகலப் பக்கம் ஓட்டம், குறுகிய பக்கம் பாஸ்' என்று தங்களை அறியாமலே பழகிவிடும். எதிரணியின் ரகசியம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் கிடைக்கும்.

வழக்கமாகச் செய்யும் தவறு: கடைசிக் கால் பகுதியில் 20 புள்ளி முன்னணியில் இருந்தவர்கள் நேரத்தைக் கரைக்க ஓடிய ஓட்டங்களையும் சேர்த்து எண்ணுவது. அதை வைத்து "இரண்டாம் டவுனில் இவர்கள் ஓட்டம்தான்" என்று முடிவெடுத்தால் மறுமோதலின் முதல் பத்து நிமிடத்திலேயே தலைக்கு மேல் பாஸ் பறக்கும். ஆட்டம் சமமாக இருந்த நேரத்து ஸ்னாப்புகளை மட்டும் தனியாக வடிகட்ட வேண்டும். வடிகட்டிய பிறகு மூன்று, நாலு உதாரணம்தான் மிஞ்சுகிறது என்றால் அதைப் 'பழக்கம்' என்று சொல்லக் கூடாது, லீகின் மற்ற ஆட்டங்களையும் சேர்த்தாக வேண்டும்.

இதை விட முக்கியம், சொந்த அணியின் படத்தை எதிரி கண்ணால் பார்ப்பது. அதைச் செய்ய யாருக்கும் பிடிக்காது. முகத்தில் அடிக்கும்.

மதில்காரன்:

ஓரக்கோடு அண்ணன் சொன்ன கடைசி வரிக்குத் தொடர்ச்சி. தாக்குதல் வரிசையின் ஐந்து தடியர்கள்தான் ரகசியத்தை முதலில் காட்டிக்கொடுப்பவர்கள்.

கார்டு (வரிசையின் நடு ஆளுக்குப் பக்கத்தில் நிற்பவர்) தரையில் ஊன்றிய கையைப் பாருங்கள். விரல் முட்டி வெளுத்து, உடல் எடை முன்னால் சாய்ந்திருந்தால் நேராக இடிக்கப் போகிறார், அதாவது ஓட்டம். கை பூப்போலத் தரையைத் தொட்டு, பின்புறம் தாழ்ந்திருந்தால் பின்வாங்கப் போகிறார், பாஸ். கபடியில் ரெய்டர் கோட்டைத் தாண்டும்போது எந்தக் கால் முன்னால் வருகிறது என்று மூலையில் நிற்பவர் பார்ப்பாரே, அதே கண்தான் இதற்கும் வேண்டும். ஆட்களுக்கு இடையிலான இடைவெளி இன்னொரு அடையாளம். பாஸ் என்றால் இரண்டடி, ஓட்டம் என்றால் மூன்றடி என்று விட்டுப் பழகிய அணியை எதிர்த் தற்காப்பு வரிசை ஸ்னாப்புக்கு முன்பே படித்துவிடும். மறுமோதலுக்கு முன் ஐந்து பேரையும் பக்கவாட்டிலிருந்து படமெடுத்து, ஓட்டத்துக்கும் பாஸுக்கும் ஒரே நிற்கை வரும் வரை திருத்த வேண்டும். இதற்குப் புது உத்தி எதுவும் வேண்டாம், பொறுமைதான் வேண்டும்.

அடுத்தது ஸ்னாப் எண்ணிக்கை, அதாவது எத்தனையாவது குரலில் பந்து எடுப்பது என்பது. முதல் ஆட்டம் முழுக்க முதல் குரலிலேயே பந்து எடுத்திருந்தால், மறுமோதலில் மூன்றாம் டவுன், 4 யார்டு பாக்கி போன்ற நேரத்தில் இரண்டாம் குரலுக்கு மாற்றுங்கள். முதல் ஆட்டத்தின் தாளத்தில் ஊறிய எதிர்த் தற்காப்பு எம்பிக் குதிக்கும், 5 யார்டு இலவசம். ஆனால் அதே உத்தி சொந்த ஆளையும் குதிக்க வைத்தால் 5 யார்டு நட்டம். வாரம் முழுக்கப் பழகாமல் ஆட்டத்தன்று மட்டும் செய்தால் இரண்டாவதுதான் நடக்கும்.

இறுதிப் போட்டிக்குப் பெரிய அரங்கம் (2022-ல் பசடீனா ரோஸ் பௌல்) என்றால் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கித் தாக்குதலை நடத்துபவர்) குரல் கேட்காது. மௌன எண்ணிக்கை வேண்டும். கார்டு பின்னால் திரும்பிக் குவார்ட்டர்பேக்கின் சைகையைப் பார்ப்பார், சென்டரை (வரிசையின் நடு ஆளை) தட்டுவார், சென்டர் தலையை நிமிர்த்தி மனதுக்குள் ஒரு துடிப்பு எண்ணிப் பந்தைக் கொடுப்பார். அந்தத் துடிப்பு எப்போதும் ஒன்றே என்றால் பந்து மூன்றாம் முறை நம் கைக்கு வருவதற்குள் எதிரணி கண்டுபிடித்துவிடும். ஒன்று, இரண்டு என்று மாற்றி வைக்க வேண்டும். பயிற்சியில் ஒலிபெருக்கியைக் காதருகே அலறவிட்டுப் பழகாத அணி முதல் கால் பகுதியிலேயே இரண்டு மூன்று முறை நடுவரின் மஞ்சள் துணியை (அபராதத்தை) பார்க்கும்.

பெஞ்ச்:

எல்லாம் சரி நண்பர்களே, 2023-ஐப் பாருங்கள். 28 வித்தியாசத்தில் தோற்று, அதே 28 வித்தியாசத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். இதில் ரோஷத்துக்குப் பங்கே இல்லை என்கிறீர்களா?

மதில்காரன்:

ரோஷம் திங்கட்கிழமை பயிற்சிக்கு நல்லது, சார். வெள்ளிக்கிழமை இரவு அதே ரோஷம் விசிலுக்குப் பிறகு ஒரு தள்ளு, 15 யார்டு அபராதம்.

விசில்:

தொலைக்காட்சியில் என்.எஃப்.எல் பார்த்துப் பழகியவர்கள் இந்த ஆட்டங்களைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். விதிகள் வேறு. கலிஃபோர்னியா, தேசியப் பள்ளிக் கூட்டமைப்பின் விதிப் புத்தகத்தைப் பின்பற்றுகிறது (டெக்சஸ் பள்ளிகள் கல்லூரி விதியில் ஆடுகின்றன, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்).

கால் பகுதிக்கு 12 நிமிடம். முதல் டவுன் கிடைத்தால், ஆள் மைதானத்துக்குள்ளேயே விழுந்திருந்தாலும் கடிகாரம் நிற்கும், நடுவர் தயார் சைகை காட்டியதும் ஓடும். பின்தங்கிய அணிக்கு இந்தச் சில வினாடிகள் பொன். அதை அறிந்த பயிற்சியாளர் டைம்-அவுட்டை முதல் டவுனுக்குப் பிறகு வீணாக்க மாட்டார்.

பாஸ் பிடிக்கப் போகும் ரிசீவரைத் தற்காப்பாளர் விதிமீறி மறித்தால் 15 யார்டு அபராதம், ஆனால் தானாக முதல் டவுன் கிடைக்காது. மூன்றாம் டவுன், 20 யார்டு பாக்கி என்ற நிலையில் மறித்தால், மறுபடி மூன்றாம் டவுன், 5 யார்டு பாக்கி. அதனால் நீளமான டவுனில் ஒரு டச்டவுனை (பந்து எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டுவது) தடுக்க ரிசீவரைப் பிடித்து இழுப்பது இங்கே சில நேரம் லாபக் கணக்கு. மறுமோதலில் வேகமான ரிசீவர் இருக்கும் அணி இதை எதிர்பார்த்தே தயாராக வேண்டும்.

உதைத்த பந்து கோல் கோட்டைத் தாண்டியதும் செத்துவிடும், திரும்ப எடுத்து ஓட முடியாது, 20-ஆம் யார்டிலிருந்து ஆட்டம். கிக்-ஆஃப் 40-ஆம் யார்டிலிருந்து என்பதால், 60 யார்டு உதைக்கும் பையன் ஒருவன் இருந்தால் எதிரணியின் அபாயகரமான ரிட்டர்னர் (உதைத்த பந்தை எடுத்துத் திரும்பி ஓடுபவர்) இரவு முழுக்கச் சும்மா நிற்க வேண்டியதுதான்.

நாலாம் டவுன்:

2019 இறுதிக்கு வருகிறேன். நவம்பர் 30, செரிட்டோஸ் கல்லூரி மைதானம். ஒரு பக்கம் மாட்டர் டே குவார்ட்டர்பேக் பிரைஸ் யங் (பிறகு அலபாமா பல்கலைக்கழகம், சிறந்த கல்லூரி வீரருக்கான 2021 ஹைஸ்மன் கோப்பை, 2023 என்.எஃப்.எல் தேர்வில் முதல் ஆள்), மறுபக்கம் பாஸ்கோவின் டி.ஜே. உய்யாங்கலலேய். ஒரு கட்டத்தில் பாஸ்கோ 5-28 என்று பின்தங்கியிருந்தது.

அந்த 5 என்ற எண்ணிக்கையே விசித்திரம். டச்டவுன் 6 என்பதால் 5 வர ஒரே வழிதான்: ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 3, சேஃப்டி (பந்தோடு இருக்கும் எதிரணியை அவர்கள் கோல் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்குவது) 2. 23 புள்ளி பின்னடைவு என்றால் குறைந்தது எத்தனை முறை அடிக்க வேண்டும்? டச்டவுனும் அதற்குப் பிந்தைய இரண்டு புள்ளி முயற்சியும் சேர்ந்து 8. மூன்று முறை அடித்தால் 24. ஆகவே காகிதத்தில் இது மூன்று அடி தூரம். இந்த இடத்தில் அவசரக்காரப் பயிற்சியாளர் முதல் டச்டவுனிலேயே இரண்டு புள்ளிக்குப் போவார். அரை ஆட்டம் பாக்கியிருந்தால் அது தப்பு, ஏனென்றால் இன்னும் எத்தனை முறை பந்து கையில் வரும் என்று தெரியாதபோது உதைத்து எடுக்கும் உறுதியான ஒற்றைப் புள்ளியை விட்டுவிடுகிறோம்.

பாஸ்கோ கடைசியில் 39. அதாவது 5-க்கு மேல் 34. உய்யாங்கலலேய் வீசியது 444 யார்டு, 5 டச்டவுன். ஐந்து டச்டவுன் 30, மேற்கொண்டு 4 புள்ளி. கணக்கு முடிந்தது. மந்திரம் எதுவும் இல்லை. எல்லோரும் 444-ஐப் பேசுகிறார்கள், எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு எண்: 28-ஐத் தொட்ட மாட்டர் டே அதற்குப் பிறகு எடுத்தது வெறும் 6. துரத்தலை ஜெயிக்க வைத்தது தற்காப்பு.

2018-ஐயும் இதே கண்ணால் பாருங்கள். லீகில் 41 புள்ளி விட்டுக்கொடுத்த மாட்டர் டே, இறுதியில் கொடுத்தது 13. அதனால்தான் தானே 17 மட்டும் எடுத்தும் கோப்பை கையில் வந்தது.

ஓரக்கோடு:

இனி நடைமுறை அட்டவணை. மறுமோதல் வாரத்தில் நேரம்தான் எதிரி. கலிஃபோர்னியாவில் 2015 முதல் சட்டம்: பருவத்தில் முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 90 நிமிடத்துக்கு மேல் கூடாது. சி.ஐ.எஃப் (மாநிலப் பள்ளி விளையாட்டு அமைப்பு) விதிப்படி மொத்தப் பயிற்சி வாரத்துக்கு 18 மணி நேரம், ஒரு நாளுக்கு 4. இதற்குள் எல்லாம் அடங்க வேண்டும்.

சனிக்கிழமை படம் பிரிப்பது. திங்கள் ஹெல்மெட் மட்டும், எதிரணியின் அணிவகுப்புகளுக்கு நிற்கை பழகுவது. செவ்வாய், புதன் மோதல் நாட்கள். வியாழன் நடந்தே ஒத்திகை. வெள்ளி ஆட்டம்.

செவ்வாயன்று எதிரணியாக நடிக்கும் மாற்று ஆட்கள்தான் வாரத்தின் உயிர். அட்டையில் ஓட்டப் பாதை வரைந்து கையில் கொடுத்தால் முக்கால் வேகத்தில் ஆடுவார்கள், முதல் அணிக்குப் பொய்யான தைரியம் வரும். எதிரணிக் குவார்ட்டர்பேக் ஓடக்கூடியவர் என்றால், நடிக்க மாற்றுக் குவார்ட்டர்பேக்கைப் போடாதீர்கள். வேகமான ரிசீவரையே அந்த இடத்தில் நிறுத்துங்கள், பாஸ் கோணலாகப் போனாலும் பரவாயில்லை.

புது நகர்வுகள் ஆறு, எட்டுக்கு மேல் வேண்டாம். அவையும் முதல் ஆட்டத்தில் எதிரி பார்த்த அதே அணிவகுப்பிலிருந்து கிளம்ப வேண்டும். எதிரி பழைய ஓட்டம் என்று பாயும்போது பந்து வேறு பக்கம் போயிருக்க வேண்டும். தோற்ற ஆத்திரத்தில் இருபது, இருபத்தைந்து புதியதை ஏற்றும் அணிதான் பத்து பேரோடு களத்தில் நின்று டைம்-அவுட் கேட்கும்.

பக்கக் கோட்டுச் சைகைகளை மறக்க வேண்டாம். முதல் ஆட்டத்தில் எதிரியின் ஆள் யாராவது அவற்றைப் படமெடுத்திருப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டுப் பட்டையில் நகர்வுகளின் எண் வரிசையை மாற்றுங்கள். மூன்று பேர் சைகை காட்டினால் யாருடையது உண்மை என்பதைக் கால் பகுதிக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

பெஞ்ச்:

17-13, 24-22 எல்லாம் ஒரு உதை தூரம்தானே. உதைப் பிரிவைப் பற்றி யாரும் பேசவில்லையே?

விசில்:

நியாயமான கேள்வி. டச்டவுனுக்குப் பிந்தைய முயற்சி 3-ஆம் யார்டிலிருந்து. ஸ்னாப் 7 யார்டு பின்னால் போகிறது, கோல் கம்பம் எண்ட் ஸோனின் (கோல் கோட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி) 10 யார்டு தள்ளி. ஆக 20 யார்டு உதை. பள்ளி விதியில் பந்துக்கு 2 அங்குல உயர மேடை வைத்துக்கொள்ளலாம். ஸ்னாப்பிலிருந்து கால் படும் வரை 1.3 வினாடிக்குள் இருந்தால் ஓரத்திலிருந்து பாய்பவர் எட்ட முடியாது. 1.5 ஆனால் கை பந்தில் படும்.

உதைப்பவர் தவறுவதை விட, ஸ்னாப் தாழ்வாகப் போவதும் பிடிப்பவர் தடுமாறுவதும்தான் அதிகம். நவம்பர் கடைசி இரவில் பனி இறங்கிப் புல்லும் பந்தும் ஈரமாகும். வியாழக்கிழமை ஒத்திகையில் கடைசி பத்து நிமிடம் வாளித் தண்ணீரில் நனைத்த பந்தில் ஸ்னாப் செய்ய வையுங்கள், முதல் ஸ்னாப்பரை மட்டுமல்ல, இரண்டாவது ஆளையும்.