வேலூர் பக்கம் அக்கார்டியன் வாசிப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். காட்பாடியில் இருக்கிறேன். பிழைப்பு வேறு, அக்கார்டியன் ஆசைக்குத்தான். சர்ச்சில் நான் வாசிப்பதைக் கேட்டுவிட்டுத் தெருப் பிள்ளைகள் சிலர் கற்றுக்கொள்ள வருகிறார்கள். காசு வாங்குவதில்லை.

வலது கை பிரச்சினையில்லை, கீபோர்டு பழகிய கைகள். இடது கைப் பட்டன்கள் கண்ணுக்குத் தெரியாது. குழி விழுந்த ‘சி’ பட்டனைத் தடவிப் பிடித்து, அங்கிருந்து மேலே ‘ஜி’, கீழே ‘எஃப்’ என்று போகச் சொல்கிறேன். அதுவும் வந்துவிடுகிறது. இழுத்தும் தள்ளியும் காற்று கொடுக்கும் துருத்திதான் பெரிய பாடு! ஆர்மோனியம் பழகிய ஒரு பையன் காற்று தீரும்வரை இழுத்துவிட்டு, ஒரு சொல்லின் நடுவில் தள்ளுவதற்குத் திருப்புகிறான். பாட்டு விக்குகிறது. பாடும்போது மூச்சு வாங்கும் இடத்தில் திருப்பு என்றேன், கொஞ்சம் பலன். இதற்கென்று நல்ல பயிற்சி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், என்னுடையது 120 பாஸ் பெட்டி, அதாவது இடது கைப் பக்கம் 120 பட்டன்கள். சின்னப் பிள்ளைகளின் தோள் அந்தக் கனத்தைத் தாங்காது. பழைய 48 பாஸ் விலைக்கோ வாடகைக்கோ கிடைக்குமா? ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் என்றாலும் வந்து பார்க்கிறேன். வெயிலில் காருக்குள் கிடந்த பெட்டி மட்டும் வேண்டாம். உள்ளே ஒலி எழுப்பும் ரீட்டுகளை, அதாவது உலோக நாக்குகளை, மெழுகு வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள், நம்ம ஊர் சூட்டுக்கு அது இளகிவிடும்.